கப்பியின் கன அளவும் பொருட்செலவும்

தறியில் விழுதுக் கயிறு ஓடும் கப்பி தேய்ந்துபோனால், தச்சரிடமோ கடைசல்காரரிடமோ செல்வது நம் வழக்கம். இன்று அக்கப்பியின் உருவத்தைக் கணிப்பொறியில் வரைந்து, முப்பரிமாண அச்சு யந்திரத்தில் பிளாஸ்டிக் இழையை உருக்கிப் படிப்படியாக அமைத்துக்கொள்ளவும் வழியுண்டு. தெளிப்பானின் மூடி போன்றவற்றை விவசாய அங்கத்தினர்களும் இவ்வாறே பெறலாம். ஆனால் 50 கப்பிகளுக்கு ஒரு விலைப்புள்ளி வந்தால், அது நியாயமானதா என்று சங்கம் அறிவது எங்ஙனம்? பொருட்செலவு கன அளவைப் பொறுத்தது. ஆகையால் அதைக் கணக்கிடும் முறையை இம்மாதம் ஆராய்வோம்.

முதலில் கையாலேயே கணக்கிடுவோம். கப்பியின் விட்டம் 40 மில்லிமீட்டர், தடிப்பு 10, நடுத்துளையின் விட்டம் 8 எனக் கொள்க. துளை போக எஞ்சிய பரப்பைத் தடிப்பால் பெருக்கினால் 12,064 கன மில்லிமீட்டர். கயிறு ஓடும் பள்ளம் முக்கோண வடிவில் 6 மில்லிமீட்டர் அகலமும் 5 மில்லிமீட்டர் ஆழமும் உடையதாயின், அதற்கு 1,728 கழியும். மிச்சம் 10,336, அதாவது சுமார் 10.3 கன சென்டிமீட்டர். பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்டிக்கின் அடர்த்தி 1.24 ஆதலால் எடை 12.8 கிராம். இழை கிலோ 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு கப்பிக்கு 12 ரூபாய் 80 காசு. ஐம்பதுக்கு 640 ரூபாய். யந்திர நேரமும் கூலியும் மின்சாரமும் இதில் சேரா. ஏ.பி.எஸ். என்னும் வகையின் அடர்த்தி 1.04 தான், அதே கப்பிக்கு 10.7 கிராம் போதும். கிலோ விலையை மட்டும் ஒப்பிட்டு இழை வாங்குவது சரியன்று என்பது இதனால் விளங்கும்.

வளைவும் நெளிவும் உள்ள உருவத்துக்குக் கணிப்பொறி என்ன செய்கிறது? நிலமளப்போர் கோணல் மாணலான புலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளப்பதை நாம் அறிவோம். இதுவும் அவ்வழியே. உருவத்தின் மேற்பரப்பு முழுதும் சிறு முக்கோணங்களால் மூடப்படுகிறது. ஏதாவது ஓர் இடத்தில் ஒரு புள்ளியை நிறுத்தி, ஒவ்வொரு முக்கோணத்தையும் அப்புள்ளியோடு இணைத்தால் ஒரு கூம்பு கிடைக்கும். அதன் கன அளவு அடிப்பரப்பையும் உயரத்தையும் பெருக்கி வருவதில் மூன்றில் ஒரு பங்கு. புள்ளிக்கு முதுகு காட்டி நிற்கும் முக்கோணத்தின் கூம்பைக் கூட்ட வேண்டும். புள்ளியை நோக்கி நிற்பதன் கூம்பைக் கழிக்க வேண்டும். வெளியே உள்ள வெற்றிடம் தானாகவே கழிந்து, பொருளின் அளவே எஞ்சும். புள்ளி எங்கிருப்பினும் விடை ஒன்றே! ஆனால் மேற்பரப்பில் ஒரு முக்கோணம் விடுபட்டாலும், திசை மாறிக் கிடந்தாலும் விடை பிசகிவிடும். வட்டத்தை 24 பக்கங்களால் வரைந்திருந்தால் பரப்பு நூற்றுக்கு ஒன்று குறைந்தே காணும். அது பெரிய குற்றமன்று.

பெரிய குற்றம் அலகில் நேர்வது. எஸ்.டி.எல். என்னும் கோப்பில் எண்கள் மட்டுமே உண்டு. அவை மில்லிமீட்டரா அங்குலமா என்ற குறிப்பு இல்லை. மில்லிமீட்டரில் வரைந்ததை அங்குலம் என்று படித்தால் கன அளவு 16,387 மடங்காகி, நம் கப்பி 210 கிலோ எடையுள்ளதாகிவிடும்! இத்தகைய பிழையை எவரும் கண்டுகொள்வர். கண்ணுக்குத் தப்புவது வேறொன்று. "சற்றுப் பெரிதாக இருக்கட்டும்" என்று கப்பியை எல்லாப் பக்கமும் கால் பங்கு பெருக்கச் சொன்னால், விட்டம் 50 மில்லிமீட்டர்தான் ஆகிறது. பொருளோ ஏறக்குறைய இருமடங்காகிவிடுகிறது. விலை ஏறியதற்காக அச்சிடுவோரைக் குறை கூறுவது அப்போது முறையாகாது.

இன்னொரு விஷயமும் உண்டு. அச்சு யந்திரம் பொருளின் உட்புறத்தைப் பெரும்பாலும் வலைபோல் இடைவெளி விட்டே நிரப்பும். கணிப்பொறி காட்டும் கன அளவோ முழுக் கெட்டியான பொருளுக்குரியது. கயிற்றின் இழுப்பைத் தாங்கும் கப்பிக்குக் கெட்டியே நல்லது. மூடிக்கு வலைநிரப்பு போதும். எவ்வளவு நிரப்பு என்பதை விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குதல் வேண்டும். பொருள் வந்ததும் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். கெட்டியான பி.எல்.ஏ. என்று விலை வாங்கிய கப்பி 12.8 கிராமுக்குப் பதிலாக 7 கிராமே இருக்குமாயின், உள்ளே இருப்பது பெரிதும் காற்றே. அதைத் திருப்பி அனுப்பலாம். அல்லது 7 கிராமுக்குரிய பொருட்செலவை மட்டும் ஏற்கலாம்.