காயத்துக்கு மருந்து போடும் வேலைதானா?

கேள்வி: நர்சிங் முடித்த என் மகளுக்கு ஒரு பள்ளியில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. ‘காயத்துக்கு மருந்து போடவா படித்தாள்?’ என்கிறார் என் கணவர். சேரலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: 1902-ல் நியூயார்க் பள்ளிகளில் பேன், படை, கண்நோய் என்று பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள், வைத்தியம் பார்க்கத்தான் ஆளில்லை. லீனா ராஜர்ஸ் என்ற செவிலியரை நான்கு பள்ளிகளுக்கு நியமித்தார்கள். ஒரே வருடத்தில் அப்படி அனுப்பப்பட்டவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்தார்கள். உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்.

காயம் சின்ன விஷயம். பலகையில் எழுதியதைப் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதுகிறவனுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று ஆசிரியர் நினைப்பார். ஆறு மீட்டர் தள்ளி எழுத்துப் பலகையை மாட்டிப் படிக்கச் சொன்னால், கண்ணாடி தேவை என்பது தெரிந்துவிடும். திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலி என்று வருகிற பிள்ளைக்கு மாத்திரையைவிட, பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும். பிரார்த்தனைக் கூட்டத்தில் மயங்கி விழுகிற பெண்ணிடம் முதல் கேள்வி: ‘காலையில் சாப்பிட்டியாம்மா?’ அடுத்தது, ரத்தசோகை இருக்கிறதா என்று பார்ப்பது.

பள்ளி வேலையில் ஐ.வி. போடும் கைப்பழக்கம் குறையும் என்பது உண்மை. எனவே இரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு வருவதே நல்லது. இப்போதே சேருவதானால், நோயறை தனியாக உண்டா, அவசரத்துக்கு எந்த டாக்டர், ஆசிரியர் வராத வகுப்புக்கு உங்கள் மகளை அனுப்புவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.