செத்தால் முதலிலிருந்து! காசு கொடுத்து வாங்கும் சின்ன ஜாம்பி கேம் ஏன் பிடிக்கிறது?

புதிதாகக் கம்ப்யூட்டரோ ஸ்மார்ட்போனோ வாங்கிய வீடுகளில், முதல் வாரத்திலேயே எப்படியும் நான்கைந்து கேம்கள் ஏறிவிடும். எல்லாம் இலவசம் தான். "இலவசமாகவே ஆயிரம் கேம் கிடைக்கும் போது, காசு கொடுத்து யார் சார் வாங்குவார்கள்?" என்று வாசகர்கள் கேட்பதுண்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அவலூர்பேட்டைக்குப் போய் வரும் வரை.

செஞ்சிக்குப் பக்கம் உள்ள அவலூர்பேட்டையில் தான் என் அக்கா வீடு. பொங்கலுக்குப் போன போது, காபி கொடுப்பதற்கு முன்பே அக்கா பாஸ்புக்கை நீட்டினார். "தம்பி, இது என்னன்னு பாருடா." ஒவ்வொன்றும் 89 ரூபாய் வீதம், ஒரே மாதத்தில் பதினொரு முறை பணம் போயிருந்தது. மொத்தம் 979 ரூபாய். ஆடு விற்று வைத்திருந்த காசு. வங்கியில் ஏதோ தவறு என்று அவர் நினைத்துக் கொண்டிருந்தார். தவறு வங்கியில் இல்லை. பிளஸ் ஒன் படிக்கும் அக்கா மகன் தான் வீட்டுக்கு மின் கட்டணம் கட்டுவது; யு.பி.ஐ. பின் நம்பர் அவனுக்குத் தெரியும். அம்மாவின் போனில் இலவசமாக இறக்கிய ஒரு துப்பாக்கிச் சண்டை கேமில், பெட்டி பெட்டியாக வாங்கித் திறந்திருக்கிறான். பெட்டிக்குள் அபூர்வத் துப்பாக்கி வரலாம், வராமலும் போகலாம்.

"பதினோரு பெட்டியிலும் வரல மாமா" என்றான், தலையைக் குனிந்தபடி.

திட்டுவதற்கு ஏற்கெனவே வீட்டில் ஆள் இருந்ததால், நான் வேறு வேலை செய்தேன். என் போனில் இருந்த, ஒரே முறை விலை கொடுத்து வாங்கிய ஒரு ஜாம்பி கேமை அவனிடம் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் செத்துப் போனான். மறுபடி முதலிலிருந்து. மறுபடி செத்தான். இரவு சாப்பாட்டுக்குள் ஏழு முறை. அப்புறம் ஒரு நல்ல கேள்வி கேட்டான். "இதுலயும் எல்லாம் அதிர்ஷ்டம் தானே மாமா? அந்தப் பெட்டிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

இந்த மாதப் பாடம் அந்தக் கேள்விக்கான பதில் தான்.

ஜாம்பிக்கு வயது நாற்பதுக்கு மேல்

நம் ஊரில் ஜாம்பி என்ற சொல் பரவலானது 2016ல் ஜெயம் ரவி நடித்து வந்த மிருதன் படத்திற்குப் பிறகு எனலாம். (அமாவாசை தோறும் மேல்மலையனூர் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்த எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒரு பயமா என்பது வேறு விஷயம்.) ஆனால் கம்ப்யூட்டருக்குள் ஜாம்பி வந்து வெகு காலமாகிறது.

1980 வாக்கில் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்த மைக்கேல் டாய், கிளென் விச்மன் இருவரும் ரோக் என்ற கேமை எழுதினார்கள். பின்னர் கென் ஆர்னால்ட் சேர்ந்து கொண்டார். படம் கிடையாது, ஒலி கிடையாது. திரை முழுக்க எழுத்துகள் தான். நீங்கள் இமெயில் முகவரியில் பயன்படுத்தும் அட் குறி தான் கதாநாயகன். ஆங்கிலத்தின் 26 பெரிய எழுத்துகளும் 26 வகை எதிரிகள். அதில் கடைசி எழுத்தான இசட் என்ன தெரியுமா? ஜாம்பி!

இந்த கேமில் இரண்டு புதுமைகள் இருந்தன. ஒன்று, ஒவ்வொரு முறை ஆடும்போதும் பாதாள அறைகளின் அமைப்பைக் கம்ப்யூட்டரே புதிதாக வரைந்து தரும். இரண்டு, செத்தால் செத்தது தான். பாதியில் சேவ் செய்து வைக்கலாம். ஆனால் அதைத் திறந்து ஆடத் தொடங்கியதும் அந்த பைல் அழிந்துவிடும். எனவே "ஒரு காப்பி வைத்துக் கொண்டு திரும்பத் திரும்ப அங்கிருந்தே ஆடலாம்" என்ற நம் வழக்கமான தந்திரம் பலிக்காது. இந்த இரண்டு குணங்களும் உள்ள கேம்களுக்கு இன்று வரை ரோக்லைக், அதாவது ரோக் போன்றவை, என்று பெயர். 1987ல் வந்த நெட்ஹேக் இதே வம்சம். அதை உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் இன்றும் இலவசமாக இறக்கி ஆடிப் பார்க்கலாம். பொறுமை வேண்டும்.

கம்ப்யூட்டர் எப்படித் தாயம் போடுகிறது?

ஒவ்வொரு முறையும் புது வரைபடம் எப்படி வருகிறது? இதை ஒரு தாளும் பேனாவும் வைத்தே செய்து பார்த்துவிடலாம்.

கம்ப்யூட்டரிடம் தாயக்கட்டை கிடையாது. கணக்கு தான் போடத் தெரியும். எனவே ஒரு எண்ணைக் கொடுத்து, அதிலிருந்து அடுத்த எண்ணைச் செய்யச் சொல்கிறோம். நம் விதி இது: எண்ணை 5ஆல் பெருக்கி, 3ஐக் கூட்டி, 16ஆல் வகுக்கவும். மீதி தான் அடுத்த எண். 7ல் தொடங்கலாம். ஏழைந்து முப்பத்தைந்து, மூன்று கூட்டினால் 38, 16ஆல் வகுத்தால் மீதி 6. அடுத்து 6லிருந்து 33, மீதி 1. இப்படியே போனால் 6, 1, 8, 11, 10 என்று வரும்.

இப்போது செஞ்சிக் கோட்டை ராஜகிரியில் ஏறுவதாக வைத்துக் கொள்ளுங்கள். ஐந்து வாசல்கள். எண் 0 முதல் 5 வரை வந்தால் வாசலில் யாரும் இல்லை. 6 முதல் 9 வரை என்றால் ஜாம்பி. 10 முதல் 15 வரை என்றால் தோட்டாப் பெட்டி. நம் கணக்குப்படி முதல் வாசலிலேயே ஜாம்பி, அடுத்தது காலி, மறுபடி ஜாம்பி, பிறகு தான் இரண்டு வாசல்களில் தோட்டா. கையில் தோட்டா இல்லாமலேயே இரண்டு ஜாம்பிகளைத் தாண்ட வேண்டும். கஷ்டம் தான்.

அதே விதியை 9லிருந்து தொடங்குங்கள். 0, 3, 2, 13, 4 என்று வருகிறது. ஒரு ஜாம்பி கூட இல்லை. நான்காவது வாசலில் தோட்டா வேறு. கோட்டை அதே கோட்டை, விதி அதே விதி, தொடக்க எண் மட்டும் வேறு. இந்தத் தொடக்க எண்ணைத் தான் சீட், அதாவது விதை, என்கிறார்கள். மைன்கிராப்ட் ஆடும் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் நன்றாகத் தெரியும். ஒரே விதையைப் போட்டால் நண்பனுக்கும் அதே உலகம் கிடைக்கும். விதையை நாம் தராவிட்டால், கேம் பெரும்பாலும் கம்ப்யூட்டரின் கடிகாரத்திலிருந்து ஒன்றை எடுத்துக் கொள்ளும். (நம் வரிசையில் இரட்டைப்படை, ஒற்றைப்படை மாறி மாறி வருவதைக் கவனித்தவர்களுக்கு ஒரு சபாஷ். ஒற்றைப்படை எண்ணால் பெருக்கி, ஒற்றைப்படை எண்ணைக் கூட்டி, இரட்டைப்படை எண்ணான 16ஆல் வகுத்ததால் வந்த குறை அது. உண்மையான கேம்களில் மிகப் பெரிய எண்களும், இதைவிடச் சிக்கலான விதிகளும் இருக்கும்.)

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எந்த வாசலில் ஜாம்பி என்பது தான் அதிர்ஷ்டம். ஜாம்பி எவ்வளவு வேகமாக நடக்கும், எத்தனை அடிக்குச் சாகும், கதவருகே நின்றால் ஒவ்வொன்றாகத் தான் வரும் என்பதெல்லாம் மாறாதவை. அவற்றைக் கற்றுக் கொள்ளலாம். அக்கா மகன் முதல் ஆட்டத்தில் கண்ட இடத்தில் சுட்டுத் தோட்டாவைத் தீர்த்தான். ஐந்தாவது ஆட்டத்தில் சுடாமல் ஒதுங்கி நடக்கக் கற்றிருந்தான். பெட்டி திறப்பதில் அந்தப் பேச்சே இல்லை. நூறு பெட்டி திறந்தவனுக்கும் முதல் பெட்டி திறப்பவனுக்கும் திறமையில் என்ன வித்தியாசம் இருக்க முடியும்? எத்தனைக்கு ஒன்றில் நல்ல துப்பாக்கி என்பதை விற்பவர் தான் முடிவு செய்கிறார். இப்படிப்பட்ட பெட்டிகளில் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று வெளியிட வேண்டும் என ஆப்பிள் 2017லும் கூகுள் 2019லும் விதி கொண்டு வந்தன. அந்த எண் கேமுக்குள் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். தேடிப் படித்துவிட்டு வாங்கியவரை நான் பார்த்ததில்லை.

கனடா போகும் வழி

அவனுக்கு நான் கொடுத்த கேம் டெத் ரோடு டு கனடா. ராக்கெட்கேட் கேம்ஸ், மேட்கார்டன் என்ற இரு சிறு குழுக்கள் சேர்ந்து செய்தது. 2016ல் கம்ப்யூட்டருக்கும் 2017ல் மொபைலுக்கும் வந்தது. அமெரிக்காவின் தெற்கு முனையில் உள்ள புளோரிடாவிலிருந்து காரில் கிளம்பி, ஜாம்பிகளைத் தாண்டிக் கனடா போய்ச் சேர வேண்டும். சுமார் இரண்டு வாரப் பயணம். படங்கள் பழைய வீடியோ கேம் போலக் கட்டம் கட்டமாக இருக்கும். அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம்.

இதில் துப்பாக்கி இருக்கிறது. ஆனால் தோட்டா குறைவு. கட்டை, மண்வெட்டி போன்றவற்றை வீசிக் கொண்டே இருந்தால் ஆள் களைத்துப் போவார், கட்டையும் உடையும். பெட்ரோல், சாப்பாடு, மருந்து எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. வழியில் ஒரு அந்நியர் கை காட்டுவார். ஏற்றிக் கொள்வதா வேண்டாமா? அவர் குணம் எப்படியோ! ஒவ்வொரு ஆட்டத்திலும் வீடுகள், மனிதர்கள், சம்பவங்கள் எல்லாம் மாறி வரும். ஒரு ஆட்டம் தோற்றால் இழப்பது அந்த ஆட்டம் மட்டுமே. அதனால் தான் "இன்னும் ஒரு தடவை" என்று கை தானாகப் போகிறது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் கொஞ்சம் ஆடலாம். சிக்னல் இல்லாவிட்டாலும் ஓடும்.

எல்லாம் நல்லது தான் என்று சொல்ல மாட்டேன். இதே வகையில் மிகப் பெரிய வெற்றி பெற்ற வேம்பயர் சர்வைவர்ஸ் கேமைப் பாருங்கள். இத்தாலியரான லூகா கலான்டே இதை 2021 டிசம்பரில் ஸ்டீம் தளத்தில் வெறும் 3 டாலருக்குள் விற்கத் தொடங்கினார். அதில் நீங்கள் சுடவே வேண்டாம். ஆயுதம் தானாகச் சுடும். கூட்டம் கூட்டமாக வரும் பேய் பிசாசுகளுக்கு நடுவே நகர்வது மட்டும் தான் உங்கள் வேலை. அரை மணி நேரம் தாக்குப் பிடிக்க வேண்டும். 2023ல் பிரிட்டனின் பாப்டா விருதில், எல்டன் ரிங், காட் ஆப் வார் ரக்னராக் போன்ற பெரும் பொருட்செலவில் எடுத்த கேம்களைத் தள்ளிவிட்டு, சிறந்த கேம் என்ற பரிசை வாங்கியது. கலான்டே முன்பு சூதாட்ட கேம்கள் செய்யும் துறையில் வேலை பார்த்தவர். இதில் புதையல் பெட்டி திறக்கும் போது வரும் வெளிச்சமும் இசையும் சூதாட்ட மெஷினை அப்படியே நினைவூட்டும். ஆனால் அந்தப் பெட்டிக்குப் பணம் கேட்பதில்லை. மொபைலில் 2022ல் இதை இலவசமாகவே தந்தார்கள்; விளம்பரம் பார்ப்பதும் பார்க்காததும் நம் விருப்பம். காசு போகாது, சரி. தூக்கம் போகும். பரீட்சை நேரத்தில் இதை இன்ஸ்டால் செய்திட வேண்டாம் என்பது அனுபவத்தில் சொல்வது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது

ப்ளே ஸ்டோரில் கேமின் பக்கத்தைத் திறந்ததும் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். விளம்பரங்கள் உண்டு, ஆப்புக்குள் வாங்கும் பொருட்கள் உண்டு என்று அங்கே தான் சொல்லியிருப்பார்கள். கேம் பற்றிய விவரப் பகுதியைத் திறந்தால், உள்ளே விற்கும் பொருட்கள் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை என்பதும் இருக்கும். "இலவசம்" என்று போட்டுவிட்டு, உள்ளே ஆயிரக்கணக்கில் விலை இருந்தால் அது என்ன வகை என்று உங்களுக்கே புரியும். விலை போட்டு, உள்ளே எதுவும் விற்காத கேம் என்றால் செலவு அந்த ஒரு முறையோடு முடிந்தது. அப்படி வாங்கியதைக் கூகுளின் பேமிலி லைப்ரரி வசதி மூலம் வீட்டில் உள்ள மற்றவர் போனிலும் பெரும்பாலும் ஆடலாம். பெட்டிகளை அப்படிப் பகிர முடியாது. வாங்கிப் பிடிக்கவில்லை என்றால் 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்து, ப்ளே ஸ்டோரில் மேலே உள்ள உங்கள் படத்தைத் தட்டி, செட்டிங்ஸ் போய், ஒவ்வொரு முறை வாங்கும் போதும் பாஸ்வேர்ட் அல்லது கைரேகை கேட்கும்படி அமைத்திடவும். யு.பி.ஐ. பின் நம்பரை மாற்றுங்கள். அக்காவுக்கு நான் முதலில் செய்து கொடுத்தது அது தான். மின் கட்டணத்தை இப்போது அவரே கட்டக் கற்றுக் கொண்டுவிட்டார்.

விலையுள்ள கேமை இலவசமாகத் தருகிறோம் என்று ஏ.பி.கே. பைல் தரும் தளங்கள் ஏராளம். அந்தப் பக்கமே போக வேண்டாம். உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. உங்கள் போனில் தான் வங்கிக் கணக்கும் இருக்கிறது.

2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் ஆன்லைன் கேம் சட்டத்தால் இவையெல்லாம் தடையா என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். அந்தச் சட்டம் தடுப்பது, பணம் கட்டிப் பணம் ஜெயிக்கலாம் என்று ஆடும் கேம்களை. ஒரு விலை கொடுத்து வாங்கி வீட்டில் ஆடும் ஜாம்பி கேம் அதில் வராது.

அக்கா மகன் இன்னும் கனடா போய்ச் சேரவில்லை. இந்த கேமில் நமக்குப் பிடித்த பெயரில் ஆட்களை உருவாக்கி வைக்கலாம். ஏதாவது ஒரு ஆட்டத்தில் வழியில் வந்து சேர்ந்து கொள்வார்கள். தன் அம்மாவை உருவாக்கி வைத்திருக்கிறான். கடைசியாகப் பேசிய போது, அக்கா கையில் மண்வெட்டியோடு ஒன்பதாம் நாள் வரை உயிரோடு இருந்தாராம்.