வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி: சிக்கனமாய் அமைக்கும் முறை

சென்னை மெரினாக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டில் ஒரு மீன் காட்சிச்சாலை திறக்கப்பெற்றது. இந்திய நாட்டில் இத்தகைய சாலைகளுள் முதலாவது அதுவே. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக விளங்கிய எட்கர் தர்ஸ்டன் என்பாரின் முயற்சியால் அமைந்த அச்சாலை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942-இல், மூடப்பட்டது. கடல் மீனைக் கரையில் உயிருடன் வைத்துக் காப்பதற்கு அந்நாளில் ஒரு சர்க்கார் நிலையமே வேண்டியிருந்தது. இந்நாளில் மயிலாப்பூரில் ஒரு சிறிய வீட்டின் கூடத்தில் அதனைச் செய்துவிடலாம், பெருஞ்செலவும் இல்லை. ஆயினும் எதில் சிக்கனம் செய்யலாம், எதில் செய்யலாகாது என்று அறியாமல் இறங்கினால் பணமும் போகும், வாயில்லா உயிர்களும் மடியும். இதனை நான் அநுபவித்தே அறிந்தவன்.

பயிர்த்தொழிலையும் பஞ்சாயத்து நிர்வாகத்தையும் பற்றிப் பேசும் இவ்வேட்டில் மீன்தொட்டிக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். என் வட்டாரத்தைச் சேர்ந்த கடலோரக் கிராமம் ஒன்றின் மகளிர் சுய உதவிக் குழுவினர், கோமாளி மீன் வளர்த்து விற்பதற்குக் கடன் வேண்டி மனுக் கொடுத்தனர். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அம்மீனைத் தொட்டியிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை வகுத்திருக்கின்றனர். ஆகவே விருப்பம் தவறானதன்று. ஆனால் மனுவில் இருபது தொட்டிகளுக்குக் கணக்குப் போடப்பட்டிருந்தது. அக்குழுவில் ஒருவரேனும் ஒரு தொட்டியை ஆறு மாதம் காத்துப் பார்த்தவரில்லை. "முதலில் ஒன்று வையுங்கள் அம்மா, பிறகு இருபதைப் பற்றிப் பேசுவோம்" என்றேன். அந்த ஒன்றை வைப்பது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். தொட்டி, உப்பு, ஐந்து மீன்கள் ஆகிய யாவற்றையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கி, அன்று மாலையே மீன்களை நீரில் விட்டேன். விற்றவர் தடை ஒன்றும் சொல்லவில்லை. ஆறாம் நாள் காலையில் ஐந்தும் செத்து மிதந்தன. நீரோ பளிங்குபோல் இருந்தது. "தண்ணி சுத்தமாத்தானேப்பா இருக்கு?" என்று என் மகள் கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. விடை தேடியபொழுதுதான், நம் உழவர்கள் நன்கறிந்த ஒன்றே அதற்குள் இருப்பது விளங்கிற்று.

நீரைப் பழக்குதல்

வயலில் இடும் யூரியாவைப் பயிர் அப்படியே உண்பதில்லை. அது மண்ணில் அம்மோனியமாக மாறுகிறது. பின்னர் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுள் ஒரு கூட்டம் அதனை நைட்ரைட்டாகவும், மற்றொரு கூட்டம் அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. தொட்டியிலும் இதுவே நிகழ்கிறது. மீன் தன் செவுள்களின் வழியே அம்மோனியாவை வெளியிடுகிறது. தின்னாது விட்ட இரை அழுகுவதாலும் அது பெருகுகிறது. அம்மோனியா மீனுக்கு நஞ்சு, நைட்ரைட்டும் நஞ்சே. நைட்ரேட்டின் தீங்கு மிகக் குறைவு. கடலில் இவை கரைந்து பரவிவிடும். ஐம்பது லிட்டர் தொட்டியில் போக இடமேது? அந்நுண்ணுயிர்கள் குடியேறிப் பெருகாத புதுத் தொட்டி, கண்ணுக்கு எவ்வளவு தெளிந்திருப்பினும், மீனுக்குக் கொலைக்களமே ஆகும்.

எனவே மீன் வாங்குமுன் நீரைப் பழக்க வேண்டும். நகக்கண் அளவு இறால் துண்டு ஒன்றைத் தொட்டியில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அது அழுகி அம்மோனியா தோன்றும். அதனை உண்டு முதற் கூட்டம் பெருகும். பின்னர் நைட்ரைட் ஏறி, அதுவும் தணியும். சொட்டு மருந்து விட்டு நிறத்தைக் கொண்டு சோதிக்கும் சிறு பெட்டிகள் வண்ணமீன் கடைகளில் கிடைக்கும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் இல்லை என்று காணும் நாளே மீன் விடும் நாள். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். என் இரண்டாம் தொட்டிக்கு 38 நாட்கள் ஆயின. வெறுந்தொட்டியில் இறால் துண்டை வளர்ப்பதாக வீட்டில் பரிகாசம் செய்தனர், பொறுத்துக்கொண்டேன்.

இந்நுண்ணுயிர்களுக்குப் பிராணவாயு இன்றியமையாதது. நீர் தேங்கிய நெல்வயலின் அடிமண்ணில் இம்மாற்றம் தடைப்படுவதும் அக்காரணத்தாலேயே. ஆகவே காற்றுக் குழாய் இரவும் பகலும் ஓட வேண்டும். மின்சாரம் நின்றால் மின்கலத்தில் ஓடும் சிறு காற்றுப் பொறி ஒன்று கைவசம் இருத்தல் நலம். சிக்கனம் செய்யலாகாத இடங்களுள் இது ஒன்று. சோதனைப் பெட்டி மற்றொன்று.

கடல்நீர் பெறுதல்

கடல் அருகில் இருக்க உப்பு எதற்கு என்று தோன்றும். தென்சென்னைவாசிகளுக்கு இது பெரும் வாய்ப்பே. ஆனால் அடையாற்று முகத்துவாரத்திலும் கூவம் கலக்குமிடத்திலும் நகரின் சாக்கடை நீர் சேர்கிறது. அவற்றின் அருகே கரையோரத்தில் மொண்ட நீர் உதவாது. நான் நொச்சிக்குப்பத்து மீனவர் ஒருவரிடம் கேட்டபொழுது, "கரைத் தண்ணி வாணாம் சார், பத்துப் பாகத்துத் தண்ணியில மொண்டாறேன்" என்று கூறி, கடலுக்குப் போய் மீளும்போது இரண்டு கேன்களில் கொணர்ந்து தந்தார். மழைக்காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், ஆற்றுநீர் கலந்து கடலோரத்தில் உப்புக் குறையுமாதலால் அப்போது எடுக்க வேண்டாம். கொணர்ந்த நீரை மூடிய பீப்பாயில் இருட்டில் பதினைந்து நாள் வைத்திருந்து, தெளிந்ததை மட்டும் துணியில் வடித்துக்கொள்க.

தியாகராய நகர் போன்ற இடங்களில் மாடியில் குடியிருப்போர், கடைகளில் விற்கும் செயற்கைக் கடலுப்பை லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் வீதம் கரைக்கலாம். சமையல் உப்பு ஆகாது. உப்பளத்தில் உப்பு படிந்தபின் வடித்துவிடும் கசப்புநீரோடு மக்னீசியம் முதலியவை போய்விடுகின்றன. எஞ்சுவது கடலின் ஒரு பகுதியே.

உப்பின் அளவை அறிய ஓர் அடர்த்திமானி வேண்டும். பால் கூட்டுறவுச் சங்கத்தில் காணும் பால்மானியின் இனமே அது. 1.023 முதல் 1.025 வரை காட்ட வேண்டும். விதைநெல் தேர்வுக்கு முட்டையை மிதக்கவிடும் வழக்கத்தை நினைந்து, முட்டையே போதுமே என்று ஒரு பஞ்சாயத்து அங்கத்தினர் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் புது முட்டை கடல்நீரில் மூழ்கிவிடும். அது மிதக்குமளவு உப்பிட்டால் மீன் பிழையாது.

நாள்தோறும் தொட்டியில் நீர் வற்றும். அந்தக் குறைக்கு மீண்டும் கடல்நீர் ஊற்றுவது பலர் செய்யும் தவறு. ஆவியாவது நீரே, உப்பு உள்ளேயே நிற்கும். வடிகால் இல்லாத நிலம் உவராவதும் இவ்வாறே அன்றோ? கண்ணாடியில் ஒரு கோடிட்டுக்கொண்டு, நல்ல நீரால் அக்கோடுவரை நிரப்புக. குழாய்நீரானால் குளோரின் நீங்க ஒரு நாள் திறந்து வைத்திருக்க வேண்டும். நைட்ரேட்டைக் குறைப்பதற்கு வாரம் ஐந்து லிட்டர் பழைய நீரை எடுத்துவிட்டுப் புதிய கடல்நீரை ஊற்றுவது வேறு காரியம், இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி போதுமானது. நிரப்பியபின் எடை அறுபது கிலோவுக்கு மேற்படுமாதலால் உறுதியான பீடம் வேண்டும். காற்றால் இயங்கும் பஞ்சு வடிகட்டியே போதும். சென்னையில் நீரைச் சூடாக்கும் கருவி தேவையில்லை. கோடையில் குளிர்விப்பதே கவலை. ஜன்னல் வெயில் படாத இடத்தில் வைத்து, சிறிய மின்விசிறி ஒன்றை நீர்ப்பரப்பின்மேல் வீசச் செய்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். நீர் சற்று மிகுதியாக வற்றும், அவ்வளவே. மீன் உட்பட எனக்கு ஐயாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. முதல் தொட்டியில் இழந்தது அக்கணக்கில் சேராது.

அழகுக்காகப் பவளப்பாறைத் துண்டுகளை வைக்கச் சொல்வோர் உண்டு. வைக்கவே கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பவளங்களும் கடல்குதிரைகளும் கடல் அட்டைகளும் 2001-இல் பாதுகாக்கப்பட்ட உயிர்களாகச் சேர்க்கப்பட்டன. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். கடலோரப் பஞ்சாயத்துத் தலைவர்கள் இதனைத் தம் ஊர் இளைஞர்க்குச் சொல்லிவைப்பது கடமை. உடைந்த மண்பானை ஓடுகளை நன்கு கழுவி அடுக்கினாலே மீன் ஒளிய இடமும் நுண்ணுயிர் ஒட்டப் பரப்பும் கிடைத்துவிடும்.

கடலில் பிடித்த மீனைவிடக் குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் தொட்டி வாழ்வுக்கு எளிதில் பழகும். இத்தொட்டிக்கு இரண்டு போதும். கடல் சாமந்தி இல்லாமலும் அவை வாழும். அதற்கெனச் செலவிட வேண்டாம். இம்மீன்கள் யாவும் முதலில் ஆணாகவே வளர்ந்து, இணையில் பெரியது பெண்ணாக மாறும். முட்டைகளைக் காப்பது பெரும்பாலும் ஆண் மீனே. என் வீட்டில் அவை இன்னும் முட்டையிடவில்லை. ஆயினும் பெரியது எது, சிறியது எது என்பதில் இப்போது ஐயமில்லை.

அம்மகளிர் குழுவினர் தம் ஊர்ப் பள்ளியின் தாழ்வாரத்தில் ஒரே ஒரு தொட்டி வைத்துள்ளனர். சோதனைச் சொட்டுகளின் நிறத்தைப் பிள்ளைகள் நாள்தோறும் ஒரு நோட்டில் குறித்து வருகின்றனர். இன்று அதற்கு 23-ஆம் நாள். அம்மோனியா தணிந்துவிட்டது, நைட்ரைட் இன்னும் இருக்கிறது. மீன் விடப்படவில்லை.