எஸ்ஸுக்கு முன்னா, பின்னா?



கல்வி உதவி கேட்டு நம் பிள்ளைகள் எழுதும் ஆங்கில மனுக்களில் ஒரு சிறு குறி விடுபடுகிறது, அல்லது இடம் மாறி நிற்கிறது. அபாஸ்ட்ரஃபி என்பார்கள்; எழுத்தின் தலைமேல் நிற்கும் கமா. ஒரு பொருள் இன்னாருடையது என்று காட்ட அது வேண்டும்.

‘யூசுஃபுடைய வீடு’ என்கிறோம். உடையவர் முன்னே, உடைமை பின்னே. அரபியில் இது தலைகீழ்: ‘பைத்துல்லாஹ்’வில் வீடுதான் முந்தி வருகிறது. முளாஃப், முளாஃப் இலைஹி ஓதியவர்களுக்கு நினைவிருக்கும். ஆங்கிலம் இதில் தமிழின் பக்கம்: யூசுஃப்’ஸ் ஹவுஸ். பழைய ஆங்கிலத்தில் அந்த எஸ்ஸுக்கு முன் ஓர் உயிரெழுத்தும் இருந்தது. அது உதிர்ந்த இடத்தில் நிற்பதுதான் இந்தக் குறி.

ஒருவரா, பலரா என்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். போடியில் நாம் சி.பி.ஏ. காலேஜ் என்பதன் முழுப்பெயர் கார்டமம் பிளாண்டர்ஸ்’ அசோசியேஷன் காலேஜ். ஏலத்தோட்டக்காரர்கள் பலர், ஆகவே எஸ் முடிந்த பிறகு குறி. முன்னால் வைத்தால் ஒரே ஒரு தோட்டக்காரரின் சங்கமாகிவிடும்! சென்னையில் 1914-இல் தொடங்கிய குயீன் மேரி’ஸ் காலேஜில் ராணி ஒருவர்தான். குறி எஸ்ஸுக்கு முன். விமன், சில்ட்ரன் போன்றவை எஸ் இல்லாமலே பன்மை. அவற்றுக்கும் முன்னால்தான்: விமன்’ஸ், சில்ட்ரன்’ஸ்.

இது மதிப்பெண்ணோடு போகிற விஷயமல்ல. வெளிநாட்டில் இருப்பவர் பாகம் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறார் என்று வையுங்கள். பிரதர்’ஸ் ஷேர் என்றால் ஒரு சகோதரரின் பங்கு. பிரதர்ஸ்’ ஷேர் என்றால் பலருடையது. காதுக்கு இரண்டும் ஒன்றே. பிள்ளையில்லாமல் மவ்த்தானவருக்கு உடன்பிறந்தவர் ஒருவரே என்றால் தாயின் பங்கு பொதுவாக மூன்றில் ஒன்று. இருவரோ அதற்கு மேலோ இருந்தால் ஆறில் ஒன்று. குறி இடம் மாறினால் படிப்பவரின் ஃபராயிள் கணக்கும் மாறும்.

இல்யாஸ், யூனுஸ், அப்பாஸ் என எஸ்ஸில் முடியும் பெயர்கள் நம் வீடுகளில் நிறைய. இல்யாஸ்’ஸ் ஷாப் என்று இன்னொரு எஸ் சேர்ப்பதும் சரி, குறியை மட்டும் போட்டு நிறுத்துவதும் சரி. முதலாவதே நமக்குத் தெளிவாகப் படுகிறது. இல்யா’ஸ் என்று பெயரையே பிளப்பதுதான் தவறு.

விண்ணப்பத்தில் ஃபாதர்’ஸ் நேம், தந்தை ஒருவரே. ‘அதனுடைய’ என்னும் இட்ஸுக்கு மட்டும் குறியே கிடையாது. குறி போட்டால் அது ‘இட் இஸ்’ ஆகிவிடும்.