ஆட்டோமேடிக் கியர் ஆயில்: அளவு பார்ப்பது எப்படி?

தில்லியில் மேம்பாலம் ஏறும்போது என் பழைய ஆட்டோமேடிக் கார் திணறியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் என்ஜின் உறுமியதே தவிர வண்டி நகரவில்லை. பக்கத்தில், மருத்துவமனைக்குப் போகவேண்டிய என் தாயார். முதல் நாள்தான் கியர் ஆயிலை நானே மாற்றி, டிப்ஸ்டிக்கில் மேல்கோடு வரை ஊற்றியிருந்தேன்.

என் தவறு, என்ஜினை நிறுத்திவிட்டு அளந்ததுதான். என்ஜின் ஓடும்போது பம்பு ஆயிலை இழுத்து டார்க் கன்வெர்ட்டருக்கும் மற்றப் பாகங்களுக்கும் அனுப்புகிறது. அடித்தட்டில் மட்டம் இறங்குகிறது. மிகவும் இறங்கினால் பம்பு காற்றை இழுக்கும். அழுத்தம் குறைந்து கிளட்சுகள் வழுக்கும்.

கார் வைத்திருக்கும் அன்பர்கள் கவனத்திற்கு:

1. வடித்த ஆயிலை அளந்து, அதே அளவு புது ஆயிலை ஊற்றுங்கள். கன்வெர்ட்டரில் உள்ளது பெரும்பாலும் வடியாது. எனவே கையேட்டிலுள்ள மொத்தக் கொள்ளளவை ஊற்றாதீர்கள்.

2. சிறிது தூரம் ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்துங்கள். என்ஜின் ஓடட்டும். பிரேக்கை மிதித்தபடி கியரை ஒவ்வொரு நிலைக்கும் மாற்றி, 'பார்க்'கில் வையுங்கள்.

3. டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மீண்டும் செருகிப் பாருங்கள். சூட்டுக்கான இரு கோடுகளுக்கிடையே நிற்கவேண்டும். குறைந்தால் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். அதிகமானாலும் ஆபத்தே, ஆயில் நுரைத்து, அப்போதும் கிளட்ச் வழுக்கும்.

4. சில வண்டிகளில் என்ஜினை நிறுத்தியபின் பார்க்கவேண்டும். சிலவற்றில் டிப்ஸ்டிக்கே கிடையாது. உங்கள் கையேடு சொல்வதே முடிவு.

அன்று அம்மா ஆட்டோமேடிக்கை விட்டிறங்கி, ஆட்டோவில்தான் போனார்!