கருச்சிதைவும் குருதிச் சோதனையும்

பழனியை அடுத்த ஆயக்குடி கொய்யாத் தோட்டங்களாற் பெயர்பெற்றது. ஆங்குப் பெண்டிர் பலர் மண்ணிற் களையெடுத்தும் பழம் பொறுக்கியும் பிழைப்பவர். அவர்களுள் ஒருத்தியின் கரு சிதைந்தபின், மருத்துவர் தரும் சோதனைச் சீட்டில் ‘டாக்ஸோபிளாஸ்மா ஐ.ஜி.ஜி. உண்டு’ என்றிருக்குமாயின், மண்ணும் பூனையும் பழமும், ஈற்றில் அப்பெண்ணுமே குற்றவாளிகளாகிவிடுவர். அவ்வொரு வரியைப் படிக்கும் முறை யாது என்பதையே ஈண்டு நாம் ஆராயப் புகுகின்றோம்.

இவ்வொட்டுண்ணி 1908-ஆம் ஆண்டில் டூனிஸ் நகரில் ஒரு கொறிவிலங்கினிடத்துக் கண்டறியப்பட்டது. பூனையின் மலத்தின் வழியாக மண்ணிற் கலந்தும், நன்கு வேகாத இறைச்சியின் வழியாகவும் இது நம்மை அடைகின்றது. அடைந்ததும் உடல் வாளாவிருப்பதில்லை. குருதியின் வெள்ளணுக்கள் கிருமியைத் தாக்க, எஞ்சியவை தசையிலும் மூளையிலும் சிறு கூடுகளாய் ஒடுங்குகின்றன. ஐ.ஜி.எம். என்னும் எதிர்ப்பொருள் முதலில் தோன்றும், சின்னாளில் ஐ.ஜி.ஜி. தோன்றி ஆயுள்முழுதும் நிற்கும். எனவே ஐ.ஜி.ஜி. உண்டென்பது, என்றோ ஒருநாட் கிருமி வந்துபோயிற்று என்பதற்கே சான்று. பத்தாண்டுகட்கு முன்னரும் வந்திருக்கலாம். ஐ.ஜி.எம்.மும் சிலரிடம் ஓராண்டுக்கு மேலும் மறையாதிருப்பதால், அதனை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறலாகாது.

1948-இல் ஸாபின், பெல்ட்மன் என்போர் வகுத்த சாயச் சோதனை எதிர்ப்பொருளின் அளவைக் காட்டிற்று. அதன் வயதைக் காட்டவில்லை. அக்குறையை நீக்கும் வழியை 1989-இல் பின்லாந்து நாட்டு அறிஞர் வெளியிட்டனர். புதிதாய்ப் பிறந்த ஐ.ஜி.ஜி. கிருமியைத் தளர்வாகவே பற்றும். மாதங்கள் செல்லச்செல்லப் பிடி இறுகும். யூரியாக் கரைசலாற் கழுவினால் தளர்ந்தது கழன்றுவிடும், இறுகியது நிற்கும். (நம் உழவர் வயலுக்கு இடும் யூரியாவேதான்!) பிடி இறுகியிருப்பின், கடந்த மூன்று நான்கு மாதங்களுக்குள் தொற்று நிகழவில்லை என்று துணியலாம். இரண்டாம் மாதத்திற் கருச்சிதைந்து ஒரு வாரத்திற் குருதி கொடுத்தவளுக்கு இம்முடிவு வருமாயின், தொற்று கருவுறுதற்கு முந்தியது என்பது வெளிப்படை. பிடி தளர்ந்திருத்தலோ அண்மைத் தொற்றை உறுதிசெய்யாது. சிலரிடம் அது நெடுநாள் தளர்ந்தே இருப்பதுண்டு. அந்நிலையில் இரண்டு மூன்று வாரங்கழித்து மீண்டும் குருதி எடுத்து, முன்னதையும் பின்னதையும் ஒரே கூடத்தில் ஒப்புநோக்குதல் வேண்டும்.

அடுத்தடுத்துக் கருச்சிதைவோர்க்கு இக்கிருமியையே காரணமாகக் கூறும் வழக்கம் நமக்கு உடன்பாடன்று. தொடக்க மாதங்களிற் சிதையும் கருக்களுள் ஏறக்குறையப் பாதி குரோமோசோம் பிழையால் அழிவன. பழைய தொற்றுடையாளை அவளது எதிர்ப்பாற்றலே காக்கின்றது. பிறவகையில் உடல்நலமுடையாளாயின் அவளுக்கு மருந்து வேண்டுவதில்லை. அண்மைத் தொற்று மெய்ப்பிக்கப்பட்டவள் மட்டும் மறுகருவுக்கு ஆறு மாதம் பொறுத்தல் நன்று. சீட்டில் ‘இல்லை’ என்று கண்டு மகிழ்பவளே உண்மையில் காப்பற்றவள். மறுமுறை கருவுறுங்கால் தோட்டத்து மண்ணைத் தொட்ட கையைக் கழுவுதலும், கொய்யாவைக் கழுவி உண்ணுதலும், இறைச்சியை நன்கு வேகவைத்தலும் அவளுக்கே மிக வேண்டப்படுவன.