அபராதம் கட்டுவதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

"ஃபைனைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறேன், பெரியப்பா" என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிதான் என்னை உட்கார்ந்து எழுதவைத்தது. குடித்துவிட்டு வண்டி எடுத்தது பெரிய தப்பு, அதை உனக்கு இனி யாரும் சொல்லவேண்டியதில்லை. ஆனால் ஹெல்மெட் போடாததற்கு ரசீது வாங்குவதைப்போல இதையும் நினைத்திருக்கிறாய். எந்தெந்தக் குற்றத்துக்குப் பணம் கட்டி அத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 200ஆம் பிரிவு வரிசையாகச் சொல்கிறது. குடிபோதையில் ஓட்டுவதற்கான 185ஆம் பிரிவு அந்த வரிசையில் இல்லை. அதனால் நீ கட்டப்போகும் தொகை, நீதிமன்றம் உன்னைக் குற்றவாளி என்று முடிவுசெய்த பிறகு விதிக்கும் தண்டனை. தொகை ஒன்றாக இருக்கலாம், பெயர் வேறு. பின்விளைவு முழுக்க அந்தப் பெயரைப் பொறுத்தது.

ஸ்டேஷன் ஜாமீனில் வந்தாயிற்று, கேஸ் முடிந்த மாதிரிதான் என்று நண்பர்கள் தைரியம் சொல்வார்கள். இது ஜாமீனில் விடத்தக்க குற்றம், அதனால் உன்னை விட்டார்கள். கூப்பிடும்போது வந்து நிற்பேன் என்று நீ எழுதிக்கொடுத்த உறுதிதான் ஜாமீன். சம்மன் வந்து நீ போகாமல் இருந்தால் அடுத்து வருவது பிடிவாரண்ட். போனாலோ, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று மாஜிஸ்திரேட் உன்னைத்தான் கேட்பார். "ஆமாம்" என்றால் அதன் பேரிலேயே தண்டனை விதிக்கலாம். முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதோடு நிற்பதில்லை. 20ஆம் பிரிவின்படி குறைந்தது ஆறு மாதத்துக்கு ஓட்டுநர் உரிமத்துக்குத் தகுதியிழப்பு விதித்தே ஆகவேண்டும். பைக்கை நம்பி டெலிவரி வேலை பார்க்கிற உனக்கு அபராதத்தைவிட இதுதான் பெரிய அடி. வேலை விண்ணப்பங்களில் "குற்ற வழக்கில் தண்டனை பெற்றதுண்டா" என்ற கேள்விக்கும் இனி "இல்லை" என்று எழுத முடியாது. மறுபடி சிக்கினால் இரண்டாவது குற்றமாகி, இரண்டு வருடம் வரை சிறை போகவும் இடமுண்டு.

செய்ததை ஒப்புக்கொள்வதுதானே நேர்மை என்று கேட்பாய். ஒப்புக்கொள், வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எதை ஒப்புக்கொள்கிறோம் என்று தெரிந்து ஒப்புக்கொள் என்கிறேன். ஊதவைத்த கருவி கொடுத்த சீட்டை எடுத்துப் பார். தேதி, நேரம், அளவு எல்லாம் அதில் இருக்கும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் 185 பொருந்தும். கைதான இரண்டு மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவரின் பரிசோதனை நடக்காவிட்டால் காவலில் இருந்து விட்டுவிடவேண்டும் என்கிறது 202ஆம் பிரிவு. இதெல்லாம் தப்பிக்கும் ஓட்டை இல்லையா என்றால், இல்லை. கருவி தவறாகக் காட்டியதால் மாட்டிக்கொண்ட ஒருவனுக்கும் இதே சட்டம்தான் காவல்.

சட்ட வார்த்தையெல்லாம் வக்கீல் பாடு என்று ஒதுங்கவும் முடியாது. 2006இல் மும்பை பாந்த்ராவில் நடைபாதையில் தூங்கிய தொழிலாளர்கள் மீது கார் ஏறி 7 பேர் செத்தார்கள். ஓட்டியவர் குடித்திருந்தார். கவனக்குறைவால் நேர்ந்த சாவு என்று விசாரணை நீதிமன்றம் ஆறு மாதம் கொடுத்தது. சாவு நேரலாம் என்று தெரிந்தே செய்தது என்று உயர் நீதிமன்றம் அதை மூன்று வருடமாக்கியது, 2012இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நடந்த சம்பவம் ஒன்றுதான். உன் வண்டி யார் மேலும் ஏறவில்லை என்பதை நினைத்துத்தான் எனக்கு மூச்சு வருகிறது.

வாய்தாவுக்கு முன்னால் ஒரு வக்கீலைப் பார். கையில் காசில்லை என்றால், நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கும். வருமான வரம்புக்குள் வருகிறவர்களுக்கு அவர்களே இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்வார்கள். அந்தச் சீட்டு, ஜாமீன் பத்திரம், போலீஸ் கொடுத்த காகிதம் எதையும் தொலைத்துவிடாதே. புரியாத வார்த்தை இருந்தால் கையெழுத்துக்கு முன்னால் கேள். எவ்வளவு நேரமானாலும் போன் போடு.

அன்புடன்,
பெரியப்பா